முன்னூற்றுப் பதினோரு பென்சில் புள்ளிகள்

மணவாளபுரம் மிஷன் ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் ரூமில் ஆறு பேர் பன்னிரண்டு பேரான திங்கட்கிழமை காலையில் யாரும் மயங்கி விழவில்லை, யாரும் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. வாட்ச்மேன் மட்டும் ஆட்களை ஒருதரம் எண்ணிப் பார்த்துவிட்டு, கோயில் ஹாலிலிருந்து ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிவந்து போட்டு, இனிமேல் நாற்காலி வேண்டுமென்றால் முதல்நாளே சொல்லிவிட வேண்டும் என்று முனகிக்கொண்டு போனார்.

முந்தின வாரம்தான் மதர் பெனடிக்டா எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, சென்னையிலிருந்து வந்த ரகுநந்தனை அறிமுகம் செய்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் சிஸ்டம் கொண்டுவருவது ஒரு வேலை, அதற்கு ஆட்களைப் பழக்குவது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்கென்றே படித்துவிட்டு வந்த பிள்ளை அவன், இஸ்திரி கலையாத சட்டையும், யார் எதைக் கேட்டாலும் "நல்ல கேள்வி" என்று ஆரம்பிக்கும் வாயுமாக. மூன்று மாதத்துக்கு இரண்டும் ஓடும் என்றான். நோயாளி வந்தால் பழையபடி அட்டையிலும் எழுத வேண்டும், அதையே சிஸ்டத்திலும் ஏற்ற வேண்டும், மூன்றாம் மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பழையது மூடப்படும். கூடுதல் ஆள் தருவீர்களா என்று கேட்டதற்கு நிர்வாகத்தின் பக்கமிருந்து ஒரு இருமல்கூட வரவில்லை. பதிவு கவுண்டர் கோமளவல்லி வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அப்ப எங்களை ரெண்டு ரெண்டாப் பண்ணிக் குடுத்துடுங்க சார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ரகுநந்தன் சிரிக்கவில்லை. எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்ளும் வழக்கப்படி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

ஆக, திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பிலோமினாவுக்கு எதிரே ஒரு பிலோமினா உட்கார்ந்திருந்தாள். அதே பச்சைக்கரைச் சேலை, தோளில் அதே ஊக்கு, அதே நரை, செருப்பு மட்டும் குதிகாலில் தேயாமல் புதிதாக இருந்தது. பிலோமினா அந்த ரூமுக்கு இருபத்தாறு வருடமாகப் பொறுப்பாளர், ஐம்பத்தொரு வயது, முழங்கால் வலி, எவருக்கும் இரண்டாவது தரம் பதில் சொல்லாத குணம். எதிரே இருந்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கீ போர்டை உன் பக்கம் இழுத்துக்கோ, அட்டையை நான் எழுதறேன்" என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு.

ஊர் இதைப் பழகிக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், அடுத்த தெருவில் குழாய் போட்டதைப் பழகிக்கொள்வதற்குக்கூட ஊர் இதைவிட அதிக நாள் எடுத்துக்கொள்ளும் என்று தோன்றும். முதல் நாள் மாலை பன்னிரண்டு பேரும் பஸ்ஸில் ஏறினார்கள், கண்டக்டர் பன்னிரண்டு டிக்கெட் கிழித்தார், அத்துடன் அவர்கள் பன்னிரண்டு பேர்தான் என்பது முடிவாகிவிட்டது. பங்குச் சாமியார் இரண்டாவது ஆட்களுக்கும் நற்கருணை கொடுக்கலாமா என்று ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டார், தற்காலிக ஏற்பாடாக மூன்று மாதத்துக்குக் கொடுக்கலாம் என்று முத்திரை குத்திப் பதில் வந்தது. கோமளவல்லி தன்னுடைய சிஸ்டம் ஆளை மூட்டை கட்டிக் குளித்தலைக்கு மாமியார் வீட்டுக்கு ஞாயிறுதோறும் அனுப்பினாள், மருமகள் வந்து தங்குவதே இல்லை என்று பதினெட்டு வருடமாக அந்த அம்மாள் பாடிய பாட்டு ஒரே வாரத்தில் நின்றது. அட்டை எடுத்துக் கொடுக்கும் தங்கவேலுவின் மனைவி சிஸ்டம் தங்கவேலு குடிப்பதில்லை என்பதை மூன்றாம் நாளே கண்டுபிடித்து, கட்டிலை அவனுக்கும் பாயைப் பேப்பர் தங்கவேலுவுக்கும் ஒதுக்கினாள். பேப்பர் ஆள், சிஸ்டம் ஆள் என்றுதான் ஊரே அவர்களைச் சொன்னது.

சிஸ்டம் ஆட்களுக்கு எழுதிவைத்த விஷயம் மட்டுமே தெரியும். சிஸ்டம் பிலோமினாவுக்குப் பிலோமினாவின் ஞானஸ்நானத் தேதி தெரியும், ரத்த வகை தெரியும், கணவர் சூசைராஜ் எந்த வருடம் மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்றார் என்று தெரியும். அவர் கத்தரிக்காய் தொடமாட்டார் என்று தெரியாது, ஏனென்றால் அதை யாரும் எங்கும் எழுதவில்லை. அதனால் அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சூசைராஜுக்கு இது பரம சந்தோஷம். முப்பது வருடமாகப் பிலோமினா காது கொடுக்காத ட்ரான்ஸ்பார்மர் கதைகளையெல்லாம் சிஸ்டம் பிலோமினா மோவாயில் கை வைத்துக்கொண்டு முதல்முறையாகக் கேட்டாள். "எவ்வளவு பொறுமைடி இவளுக்கு" என்று அவர் பிலோமினாவிடமே சொன்னார். பிலோமினா தோசைக்கல்லை நங்கென்று இறக்கிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியங்களில் கோயில் ஹாலில் ஒப்படைப்பு நடக்கும். சுவரில் புழு பட்டாம்பூச்சியாகும் படம் ஒட்டி, ஆளுக்கு ஒரு சமோசாவும் டீயும் கொடுத்து, ரகுநந்தன் ஜோடி ஜோடியாக எதிரெதிரே உட்காரவைப்பான். எழுதாமல் மனதில் வைத்திருப்பதையெல்லாம் சொல்லிக் கொடுங்கள், மனதில் இருப்பது ஒருநாள் மனிதரோடு போய்விடும், சிஸ்டத்தில் இருப்பது எங்கும் போகாது என்பான். மனிதர்களுக்குத் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல அவ்வளவு ஆசை. தங்கவேலு இரண்டே வெள்ளிக்கிழமையில் எல்லாவற்றையும் கொட்டினான்: எண் தெரியாமல் வரும் கிழவிகளின் அட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த அலமாரியின் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும், எந்த டாக்டரின் எட்டு மூன்றுபோல் இருக்கும். சிஸ்டம் தங்கவேலு தலையாட்டித் தலையாட்டி ஏற்றிக்கொண்டான்.

அதற்கடுத்த வாரம் டீக்காரர் தங்கவேலுகளுக்கு ஒரே ஒரு கிளாஸ் வைத்தார், சிஸ்டம் ஆளின் முன்னால். சொன்னதற்கு, "அட, பாக்கலையே" என்று இன்னொன்று ஊற்றினார். அதற்கும் அடுத்த வாரம் சொன்னபோதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிநோயாளிகள் ஹாலில் எடை பார்க்கும் மெஷினில் தங்கவேலு விளையாட்டாக ஏறி நின்றான், முள் முப்பத்தொன்றில் நின்றது, புதன்கிழமை பத்தொன்பது. அவன் மெஷினைக் காலால் உதைத்தான், மெஷின் நகரவில்லை. வெள்ளிக்கிழமை சமோசா நேரத்தில் அவன் நாற்காலி காலியாக இருந்தது, வாட்ச்மேன் வந்து அதைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போனார். பிலோமினா அவன் வீட்டுக்கே போய் விசாரித்தாள். அவன் மனைவி முற்றத்தில் வடகம் பிழிந்துகொண்டே, "ஒருத்தர்தான் இருக்காரேக்கா" என்றாள், எதைக் கேட்கிறார்கள் என்றே புரியாத முகத்தோடு.

மூடப்போவது பழைய முறையை மட்டுமல்ல என்று பிலோமினாவுக்கு அன்று வடக மாவின் வாசனையில் நிற்கும்போது புரிந்தது. சொல்லிக் கொடுத்தவன் கரைகிறான். அவள் மதர் பெனடிக்டாவிடம் போய்ச் சொன்னபோது, மதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, குடும்பத்தாரிடமிருந்து புகார் எதுவும் வரவில்லையே பிலோமினா என்றார். அதுவும் உண்மைதான். ஒரு குடும்பத்திலிருந்தும் புகார் வரவில்லை. இரண்டாம் மாத முடிவில் கோமளவல்லியும் இல்லை, ரூமில் பேப்பர் ஆள் என்று பிலோமினா ஒருத்திதான் மிச்சம், அவளுடைய எடை மட்டும் அறுபத்தெட்டிலேயே நின்றது. காரணம் புள்ளிகள்.

அந்தப் புள்ளிகளைத் தொடங்கியவள் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு நர்ஸ் ஒரு புதுப்பெண்ணின் அட்டையில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதினாள், அந்தப் பெண்ணின் கொழுந்தனுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்திருந்தது, சாயங்காலம் செங்கல் சூளைக் கிணற்றிலிருந்து அந்தப் பெண்ணின் உடலை எடுத்தார்கள். அன்றிலிருந்து எழுதக் கூடாததை எழுதுவதில்லை என்று பிலோமினா ஒரு வழக்கம் வைத்தாள். எழுதக் கூடாதது இருந்தால் அந்த இடத்தை வெற்றாக விட்டு, அட்டையின் வலது மேல்மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி. டாக்டர் புள்ளியைப் பார்த்தால் "பிலோமினாவைக் கூப்பிடு" என்பார், அவள் மாடியேறிப் போய் அவர் காதில் சொல்லிவிட்டு, படியிறங்கும்போதே மறந்தவள்போல் முகத்தை வைத்துக்கொண்டு வருவாள். யாருக்கு முதல் தாரம் உயிரோடு இருக்கிறாள், எந்தப் பிள்ளை தத்துப்பிள்ளை, யார் எதைக் குடித்துவிட்டு வயிற்றுவலி என்று வந்தார்கள். முன்னூற்றுப் பதினோரு புள்ளிகள், முன்னூற்றுப் பதினோரு வீடுகளின் கூரை அவற்றின்மேல் நின்றது.

ரகுநந்தன் அதற்கும் ஒரு கட்டம் போட்டுத் தருகிறேன் என்றான். பூட்டு வைத்த கட்டம். சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டாள், தேவைப்படுகிறவர்களிடம் என்றான், யாருக்குத் தேவை என்று யார் சொல்வார்கள் என்றாள், நல்ல கேள்வி என்றான். புதிதாக வந்த நிவேதா டாக்டர்தான் பட்டென்று கேட்டாள்: "அக்கா, நீங்க லீவுல இருக்கற அன்னிக்கு அந்தப் புள்ளி வெறும் புள்ளிதானே?" பிலோமினா மேஜையில் இருந்த அட்டைகளை வாரி எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். புள்ளிகளை யாருக்கும் சொல்லவில்லை. சிஸ்டம் பிலோமினா தினமும் காலையில் ஒரு அட்டையை எடுத்து, மூலையில் விரல் வைத்து, "இது என்ன?" என்று சாந்தமாகக் கேட்பாள். "அழுக்கு" என்பாள் பிலோமினா. அவள் அதையும் ஏற்றிக்கொள்வாள்.

அந்தப் புள்ளிகளில் ஒன்று அவள் மகளுடையது.

ரெஜினாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம், மாப்பிள்ளை கிளமெண்ட் பெரம்பலூரில் பள்ளிக்கூட வாத்தியார், ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துவந்து வீட்டில் வைத்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளை அவளுக்கு முதல் பிள்ளை என்று மாப்பிள்ளை வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள், சூசைராஜும்தான். பத்தொன்பது வயதில், காலேஜ் இரண்டாம் வருடத்தில், நான்கு மாதம் தாண்டிய பிறகு அம்மாவிடம் வந்து நின்றவள் அவள். தூரத்து ஊர் ஒன்றில், வேறு பெயரில், அரைநாளில் முடிக்கப்போன காரியம் அவளை அரையுயிராக்கிவிட்டது. கர்ப்பப்பையில் கீறல் விழுந்து, தானே ஆறி, ஆறின இடம் தாள்போல் நின்றது. இனி ஒருகாலத்தில் பிரசவம் என்று வந்தால் வலி வருவதற்கு மருந்து ஏற்றக் கூடாது, ஏற்றினால் கிழிந்துவிடும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் வாயால் மட்டும் சொன்னார்.

ஆறாம் மாதமே பிலோமினா பங்கஜம் டாக்டர் காதில் சொல்லிவிட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன், நாளைக் குறித்து அறுத்து எடுத்துவிடலாம் என்றார் அந்த அம்மாள். ஆனால் பங்கஜம் டாக்டருக்கு டைப் அடிக்க வரவில்லை. அறுபத்திரண்டு வயதில் கட்டம் கட்டமாக ஒற்றை விரலால் குத்த முடியாது என்று மூன்றாம் மாதத் தொடக்கத்தில் ராஜினாமா செய்துவிட்டு அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் நிவேதா. நல்ல பெண், கெட்டிக்காரி, ஆனால் கேட்கும்போதே அடிப்பவள். எதிரே இருப்பவர் வாயிலிருந்து வருவது அவள் காது வழியாகப் போய் விரல் வழியாக வெளியே வந்துவிடும். அவளிடம் சொல்லலாம் என்று பிலோமினா ஐந்து தரம் மாடியேறினாள். ஐந்து தரமும் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, சுகர் ரிப்போர்ட்டைப் பற்றி எதையோ கேட்டுவிட்டு இறங்கினாள். பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசிச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ரெஜினாவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. சூசைராஜ் ஆட்டோவில் கூட்டிவந்தார், லீவு போட்டு வந்திருந்த கிளமெண்டும் அவன் அம்மா மதலேனம்மாளும் பின்னால் இன்னொரு ஆட்டோவில். பதிவு கவுண்டரில் சிஸ்டம் பிலோமினாதான் இருந்தாள். முந்தைய கர்ப்பம் எத்தனை என்று ஒரு கட்டம் கேட்டது. அட்டையில் அந்த இடம் வெற்றாக இருந்தது. வெற்றாக விட்டால் சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அவள் பூஜ்யம் என்று போட்டாள். மூலையில் இருந்த புள்ளி அழுக்கு என்று அவளுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது.

அட்டை அறையின் உள்ளே இருந்த பிலோமினாவுக்குச் செய்தி வந்து சேர்ந்து, அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு வருவதற்குள் சிஸ்டம் பிலோமினா ரெஜினாவைப் பிரசவ வார்டுக்கு உள்ளே கூட்டிப்போயிருந்தாள். வராந்தா பெஞ்சில் கிளமெண்ட் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிஸ்டத்தில் எது ஏறினாலும் வீட்டாருக்கு உடனே குறுஞ்செய்தி வரும், இந்த ஒரு வசதிக்காகவே ஊரில் எல்லோரும் சிஸ்டத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். கிளமெண்ட் அவன் ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கிறவன், வந்த ஒவ்வொன்றையும் இங்கிலீஷிலிருந்து தமிழாக்கி, கண்ணில் புரை விழுந்த தன் அம்மாவுக்காக வராந்தா முழுக்கக் கேட்கும்படி வாசித்தான். படுக்கை எண் நான்கு. ரத்த அழுத்தம் நூற்றுப் பத்துக்கு எழுபது. முதல் பிரசவம். மதலேனம்மாள் ஒவ்வொன்றுக்கும் "மாதாவே" என்றார்.

பிறகு வாசித்தான்: வலி போதவில்லை, பதினொன்றரைக்கு டிரிப் ஆரம்பிக்கப்படும்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

பிலோமினா வார்டுக் கதவுக்கு ஓடினாள். புதிதாக வைத்த முகம் பார்க்கும் கருவி அவள் முகத்தைப் பார்த்தது, பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு எரிந்தது. பிலோமினா ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்றது கருவி. கதவைத் தட்டினாள், இரட்டைக் கண்ணாடி, உள்ளே யாரும் திரும்பவில்லை. வராந்தாவில் இருந்த இன்டர்காமில் கூப்பிட்டாள். எடுத்த நர்ஸிடம் டிரிப் போட வேண்டாம், அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் சொல் என்றாள். நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டர் போட்ட ஆர்டரை நிறுத்த வேண்டுமானால் காரணம் போட வேண்டும், காரணத்துக்குக் கட்டம் இருக்கிறது, என்ன போட அக்கா என்றாள். பின்னால் கிளமெண்ட் எழுந்து வந்து, "என்ன அத்தை, எதாவது பிரச்சினையா?" என்று கேட்டுக்கொண்டு நின்றான். பிலோமினா போனை வைத்தாள். ஒன்றுமில்லை மாப்பிள்ளை, மதியச் சாப்பாட்டுக்குச் சொன்னேன் என்றாள்.

பதினொன்று இருபத்தைந்துக்குக் கதவு திறந்து சிஸ்டம் பிலோமினா வெளியே வந்தாள், தாயாரின் கையெழுத்து ஒன்று வேண்டும் என்று கையில் ஒரு பலகைபோன்ற திரையோடு. பிலோமினா அவள் மணிக்கட்டைப் பிடித்து, படிக்கட்டு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கை தன் கையைப்போலவே இருந்தது, சூடாக, தெரிந்த கையாக.

"உள்ள போய் டாக்டர் காதுல ஒண்ணு சொல்லணும்" என்றாள். "காதுல மட்டும். ஏத்தக் கூடாது."

மற்றவள் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது, அதையும் எங்கும் எழுதிவைக்கவில்லை.

"எனக்குக் காதுல சொல்லத் தெரியாது" என்றாள். "நீ அதை எனக்குச் சொல்லிக்குடுக்கலையே."

பிலோமினா அவளைப் பார்த்தாள். தங்கவேலுவுக்கு வந்ததுதான் தனக்கும் என்பது தெரிந்தது, அது பெரிதாகத் தோன்றவில்லை. ஏற்றினால் அந்த வரி எங்கே போய் விழும் என்பதும் தெரிந்தது, பெஞ்சில், மாப்பிள்ளையின் கையில் இருக்கும் போனில். செங்கல் சூளைக் கிணற்றின் மதில் ஒருகணம் கண்ணுக்குள் வந்து நின்றது. சொல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மருந்து இறங்கும். சொன்னால் மகளுக்கு உயிர் இருக்கும், அந்த உயிரைக் கொண்டு போகிற வீட்டில் இடம் இருக்காது. இத்தனை வருடம் இப்படிப்பட்ட இரண்டுக்கும் நடுவில் ஒரு பென்சிலை வைத்துச் சமாளித்தவள், இப்போது கையில் பென்சில்கூட இல்லாமல் படிக்கட்டில் நின்றாள்.

"ஏத்தற இடத்துல வேற எதாவது போட முடியுமா? பொய்யா ஒரு காரணம்?"

"நீ சொன்னதைத்தான் போடுவேன். பொய்யைச் சொன்னா பொய்யைப் போடுவேன். டாக்டர் அதை வச்சுத்தான் முடிவு எடுப்பாங்க."

மேலே யாரோ டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போகும் சக்கரச் சத்தம் கேட்டது.

பிலோமினா சொன்னாள். பத்தொன்பது வயதில், நான்கு மாதம், எந்த ஊர், எந்த மாதம், கீறல் எந்தப் பக்கம், டாக்டர் வாயால் சொன்ன எச்சரிக்கை எல்லாவற்றையும், மிகச் சரியாக, தேதியோடு சொன்னாள், இருபத்தாறு வருடம் அட்டை எழுதியவளுக்குக் குழப்பமாகச் சொல்ல வராது. சொல்லச் சொல்ல மற்றவளின் விரல்கள் திரையில் ஓடின. கடைசிச் சொல் வாயை விட்டுப் போனதும், கேட்காமலேயே, பின்னாலேயே மற்ற முன்னூற்றுப் பத்தும் கிளம்பின, திறந்துவிட்ட பட்டியிலிருந்து ஆடுகள் கிளம்புவதுபோல ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை, யார் எதைக் குடித்தார்கள், எல்லாம். அவள் வாயைப் பொத்தினாள். அவை வாய் வழியாகப் போகவில்லை. மற்றவள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்து, "வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, தேயாத செருப்புச் சத்தம் கேட்க வார்டுக்கு ஓடினாள். ஓடுகிறவளின் வலது முழங்கால் லேசாக மடங்கியது. பிலோமினாவின் முழங்கால் வலி நின்றிருந்தது.

உள்ளே எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதைக் குறைசொல்ல முடியாது. நிவேதா திரையில் வந்ததைப் பார்த்த நொடியே டிரிப்பைக் கையால் தள்ளிவிட்டு, தியேட்டரைத் திறக்கச் சொல்லி, பன்னிரண்டு ஐந்துக்குப் பிள்ளையை எடுத்துவிட்டாள். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ, தொண்டை கிழிய அழுதது. ஆறின இடம் நூலிழையில் நின்றிருந்தது, டிரிப் ஏற்றியிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே நர்ஸிடம் சொன்னாள். ரெஜினா கண்விழித்து, அம்மா எங்கே என்று கேட்டாள். இதோ இருக்கிறேன் என்று ஒருத்தி அவள் நெற்றியைத் தடவினாள், தடவ வேண்டிய விதத்தில், வகிட்டிலிருந்து காதுப் பக்கமாக.

வெளியே பிலோமினா படிக்கட்டிலிருந்து வராந்தாவுக்கு வந்தாள். நடப்பது நடப்பதாகவே இல்லை, செருப்பு காலை விட்டு நழுவி ஒரு படியில் கிடந்தது, எடுக்கக் குனிந்தால் அது கைக்குப் பிடி கொடுக்கவில்லை. சூசைராஜ் லட்டு டப்பாவைப் பிரித்து வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டு வந்தார். பிலோமினாவுக்கு முன்னால் வந்தார், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்ப்பதுபோல ஒருகணம் பார்த்தார், பக்கத்தில் நின்றவருக்கு லட்டை நீட்டினார். கிளமெண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு யார் யாரையோ போனில் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான், இடையிடையே சிரித்தான், நல்ல பையன், இதுவரை ரெஜினாவை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அவன் பேசி முடித்து வைத்ததும் போன் உறுமியது. தியேட்டர் அவசரத்தில் தேங்கி நின்ற குறுஞ்செய்திகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன.

"என்னடா போட்டிருக்கான், பிள்ளை எடையா?" என்றார் மதலேனம்மாள். "எனக்கு ஒண்ணும் தெரியலை. சத்தமா வாசி."

பிலோமினா போய் இருவருக்கும் நடுவில் நின்றாள். போனின்மேல் கையை வைத்தாள், திரையின் வெளிச்சம் கைக்கு மேலே அப்படியே தெரிந்தது. வேண்டாம் மாப்பிள்ளை என்றாள். அந்த வராந்தாவில் அவள் குரலுக்கு இருபத்தாறு வருடமாக ஆட்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். கிளமெண்ட் ஜன்னல் பக்கம் நகர்ந்து, அவள் வழியாகவே போனை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான். கூடியிருந்தவர்கள் லட்டு கையோடு அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வரியிலிருந்து, நிறுத்தி நிதானமாக வாசிக்க ஆரம்பித்தான்.